அயலெண்களின் உறவு

இலக்கியத் தொடரிலே கணக்கு எதற்கென்று நேயர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இராமானுஜன் கதையென்றால் பொறுத்துக்கொள்வார்கள்: நாமகிரித் தாயாரின் அருள், ஹார்டி ஏறிவந்த 1729ஆம் இலக்க வாடகைக் கார். அவற்றையே சொல்லிச் சொல்லி அம்மனிதரின் உழைப்பை நாம் மறைத்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

அந்த 1729ஐயே எடுப்போம். 7, 13, 19 ஆகிய மூன்று முதன்மை எண்களின் பெருக்கம் அது. (தமிழகத்தார் 'பகா எண்' என்பர். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகுபடாமை பெயரிலேயே நிற்கிறது. நம் பாடநூற் சொல்லைவிட எனக்கு அதுவே உவப்பு.) அயலிலுள்ள 1730ஐப் பிரித்தால் 2, 5, 173. அதிலும் மூன்று; ஆனால் ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லை. அடுத்தடுத்த எண்கள் லயத்துக் காம்பராக்கள் போல: சுவர் ஒன்று, அடுப்பு வேறு. இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசமாகிய 1ஐயும் வகுக்கவேண்டுமல்லவா?

ஓர் எண்ணில் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருப்பது வழக்கம்? 1917இல் ஹார்டியும் இராமானுஜனும் இதற்கு விடை கண்டார்கள். எண் மலையாய் வளர்ந்தாலும் தொகை ஆமையாய் நகர்கிறது. பெரும்பாலான எண்களில், கோடியளவில் அது மூன்றை ஒட்டியும், எண்பது இலக்க எண்களில் ஐந்தை ஒட்டியும் நிற்கும். அதே ஆண்டிலேதான் இராமானுஜன் நோயில் விழுந்தார். 1920இல், 32 வயதில் மறைந்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எஸ். எஸ். பிள்ளையை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? அடுத்தடுத்த எண்களைப் பதினாறு வரை எடுத்தால், மற்றெதனோடும் பொதுக்காரணி பகிராத ஒன்றேனும் அவற்றுள் இருந்தே தீரும் என்று 1940இல் நிறுவினார். பதினேழில் அந்த உறுதி குலைகிறது. 2184 முதல் 2200 வரை பாருங்கள், ஒருவரும் தனித்தில்லை. 1950இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 49.

1729, 1730 போலத் தொகை ஒத்த அயலவர் முடிவின்றி வருவார்களா? வழக்கமான தொகைக்கு நெருங்கியிருப்பது வேறு, சரிசமமாயிருப்பது வேறு. மீண்டும் வரும் காரணிகளையும் சேர்த்தெண்ணினால் 'ஆம்' என்று 1984இல் ஹீத்-பிரவுன் காட்டினார். வெவ்வேறானவற்றை மட்டும் எண்ணினாலும் அப்படியே என்று காட்டப் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

பிள்ளையோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த சௌலா கேட்டதோ நம் பிள்ளைகளின் 'ஒற்றையா, இரட்டையா' விளையாட்டு. ஓர் எண்ணின் காரணித்தொகை ஒற்றையென்று தெரிந்தால், அடுத்ததைப்பற்றி ஏதும் ஊகிக்கலாமா? முடியாதென்றே அவர் கருதினார். 2015இல் டெரன்ஸ் டாவோ அதன் தளர்ந்த வடிவமொன்றை நிறுவினார். முழுக் கேள்வி இன்னும் அவிழாமலே கிடக்கிறது.