காலம் கடந்த குத்துச்சண்டை



நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை கடுமையாக ஏறத் தொடங்குகிறது. நீராவி இயந்திரங்களின் காலத்தில், அவ்வேற்றத்தைக் கடப்பதற்காகப் பின்னின்று தள்ளும் இன்னோர் இயந்திரத்தையும் அங்கே பூட்டுவார்கள். 1954-இல் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தபோது, பழையது வலிதா, புதியது வலிதா என்று அறிவது எளிதாயிற்று. ஏற்றமும் அதுவே, பாதையும் அதுவே.

மனிதரை அவ்வாறு அளத்தல் கூடுமோ? வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர் இருவர் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பது விளையாட்டு அன்பர்களிடையே ஓயாத வழக்கு. நம் நாட்டிலேயே அதற்கு இருவரைச் சுட்டலாம். 1938-இல் சிட்னியில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில், 126 இறாத்தல் பிரிவில் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கம் வென்றார். 72 ஆண்டுகளின் பின்னர், 2010-இல் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், 56 கிலோகிராம் பிரிவில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் பெற்றார். எடையில் ஏறத்தாழ ஒரு கிலோகிராமே வேறுபாடு. ஆயினும் இவ்விருவரையும் ஒரே மேடையில் நிறுத்துவதாயின், எந்த விதிப்படி நிறுத்துவது? முன்னவர் தலைக்காப்பின்றிப் பொருதார். நடுவர்கள் தம் கண்ணால் கண்டதைக் கொண்டு தீர்ப்புரைத்தனர். பின்னவர் தலைக்காப்பு அணிந்தார். நடுவர்கள் அழுத்திய பொத்தான்களை எண்ணிக் கணினி புள்ளி வழங்கியது. விதியைத் தெரிந்தெடுப்பவனே வெற்றியாளனையும் தெரிந்தெடுத்தவனாகிறான்.

இவ்வழக்கைக் கணினியைக் கொண்டே தீர்க்க அமெரிக்கர் முயன்றதுண்டு. 49 போட்டிகளிலும் தோல்வியே காணாது 1956-இல் ஓய்வுபெற்ற ரொக்கி மார்சியானோவும், அவருக்குப் பின் வந்த முகம்மது அலியும் 1969-இல் படப்பிடிப்பு மேடையிற் பாவனையாகப் பொருதினர். வெவ்வேறு முடிவுகள் படமாக்கப்பட்டன. அவற்றுள் எது மெய் என்பதைக் கணினி கூறும் என்றனர். முடிவை அறியாமலே அவ்வாண்டு ஓகஸ்ட் 31-ஆம் நாள் மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கர் கண்ட படத்தில், 13-ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவிற் காட்டிய படத்திலோ வென்றவர் அலி! பார்ப்போர் மாறத் தீர்ப்பும் மாறியது.

ஆகவே, ஒரு வீரனுக்கு உரிய அளவுகோல் அவன் வாழ்ந்த காலமே. தன் முன் நின்ற எதிரியை அவன் எவ்வாறு எதிர்கொண்டான், தன்னைக் கட்டிய விதிக்கு எவ்வாறு அமைந்தான் என்பவையே நாம் கேட்கத்தக்க கேள்விகள். அவ்வாறு கேட்போமாயின், நம் நாட்டு வழக்கிற்கு விடை கிடைத்துவிடுகிறது. தடைசெய்யப்பட்ட நாண்ட்ரோலோன் உடலிற் காணப்பட்டமையால் வன்னியாராச்சியின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரை வீழ்த்தியது ஹென்ரிக்கஸின் கரம் அன்று. அவருடைய காலத்தின் விதியே. ஹென்ரிக்கஸ் வென்ற தங்கமோ, 1938-ஆம் ஆண்டுக்கு எதிரே இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது.