வீடு, தெரு, விஷவாயு அறை: நாய்க்கு அடைக்கலம் கொடுத்த வரலாறு

1

இந்தியாவில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. எதெல்லாம் வதை என்று அதன் 11ஆவது பிரிவு நீளமாகப் பட்டியல் போடுகிறது. அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, தீனி தண்ணி இல்லாமல் கட்டிவைப்பது என்று போகும் அந்தப் பட்டியல் முடிந்ததும், எதெல்லாம் வதை ஆகாது என்று இன்னொரு சின்னப் பட்டியல் வருகிறது. தெருநாய்களை லீத்தல் சேம்பரில் போட்டு அழிப்பது வதை ஆகாது என்று அதிலே இருக்கு.

இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுபோனார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். கருணையின் பேரால் எழுதப்பட்ட சட்டத்துக்குள்ள ஒரு கொலையறை எப்படி வந்து உட்கார்ந்தது? யாரோ ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தச் சொல் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் நாம் போய்ச் சேர்வது ஒரு கசாப்புக் கூடத்துக்கோ யுத்தகளத்துக்கோ அல்ல. லண்டனில் கைவிடப்பட்ட நாய்களுக்காகத் திறந்த ஒரு அடைக்கல வீட்டுக்கு. அடைக்கலமும் கொலையும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்திய கதையை நாம் படிக்க வேண்டியிருக்கு.

2

1860ல் வட லண்டனில் ஹாலோவே என்ற இடத்தில் மேரி டீல்பி என்ற பெண்மணி ஒரு இல்லம் தொடங்கினார். தொலைந்துபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்று அதற்குப் பெயர். டைம்ஸ் பத்திரிகை கேலி செய்தது. மனுஷனுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்ற கேலி அப்பவே தொடங்கியாச்சு. 1862ல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வந்த ஒரு கட்டுரை, அந்த ஆண்டின் ஆடம்பர நாய்க் கண்காட்சியையும் ஹாலோவே இல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசி, இல்லத்தின் பக்கம் நின்றது. ஒரு பக்கம் பரிசு வாங்கும் நாய், இன்னொரு பக்கம் எலும்பும் தோலுமான நாய். வர்க்கம் மனுஷனோடு நின்றுவிடவில்லை.

இங்கே 'தொலைந்துபோன' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தொலைவதற்கு முதலில் ஒரு உடைமையாளன் வேண்டும். தெருவில் நிற்கும் நாயைத் 'தொலைந்த நாய்' என்று பெயரிடும்போதே, நாய்க்கு இயல்பான இடம் ஒரு வீட்டின் உள்பக்கம் என்ற முடிவு வந்துவிடுகிறது. தெருவுக்கே உரிய நாய் என்ற ஒன்று இந்தச் சொல்லாடலுக்குள் இருக்க முடியாது. ஒன்று அதற்கு ஒரு எஜமான் இருக்கணும், இல்லேன்னா அது இல்லாமல் போகணும்.

1867ல் வந்த லண்டன் தெருக்கள் சட்டம் இதை நடைமுறையாக்கியது. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத நாயைப் போலீஸ் பிடிக்கலாம். மூன்று நாளில் சொந்தக்காரன் வராவிட்டால் விற்கலாம் அல்லது கொல்லலாம். பிடித்த நாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு இடம் வேணுமே? டீல்பியின் இல்லம் தயாராக இருந்தது. 1865லேயே அவர் இறந்துவிட்டார். 1871ல் இல்லம் பேட்டர்சீக்கு இடம் மாறியது, பெரிதானது, காவல்துறையின் ஒரு கை போல ஆனது. 1885ல் விக்டோரியா ராணி புரவலர் ஆனார். ஒரு தனிப்பெண்ணின் இரக்கத்தில் தொடங்கிய காரியம் இருபத்தைந்து வருஷத்தில் நகர நிர்வாகத்தின் உறுப்பாக மாறியதை இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கு.

ஆயிரக்கணக்கில் நாய்கள் உள்ளே வந்தன. வீடு கிடைத்தவை கொஞ்சம், மிச்சத்தைக் கொல்ல வேண்டும். அதை வலியில்லாமல் செய்ய 1884ல் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் ஒரு அறை வடிவமைத்துக் கொடுத்தார். மயக்கிக் கொல்லும் வாயு நிரம்பிய அறை. கூண்டோடு உள்ளே தள்ளினால் தூங்கிச் செத்துவிடும். லீத்தல் சேம்பர் என்ற பெயர் அங்கேதான் பிரபலமானது. இதே ரிச்சர்ட்சன்தான் 1875ல் நோயே இல்லாத ஒரு கற்பனை நகரத்தைப் பற்றிப் பேருரை நிகழ்த்தியவர். சுத்தமான நகரமும் சுத்தமான சாவும் ஒரே மூளையில் உதித்தவை.

அந்தப் பெயர் நாயோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலான மனித இனத்தை விருத்தி செய்யணும் என்று பேசியவர்களின் மேடைகளில் 'தகுதியற்ற' மனிதர்கள் விஷயத்திலும் லீத்தல் சேம்பர் என்ற சொல் புழங்கியது. 1910ல் பெர்னாட் ஷா அப்படி ஒரு மேடையில் அதைச் சொன்னார். கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் சண்டை. 1924ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் முதன்முதலாக ஒரு மனிதனை விஷவாயு அறையில் வைத்துத் தண்டனை நிறைவேற்றியது. நாய் இல்லத்திலிருந்து அங்கே நேர்க்கோடு இழுத்துவிட முடியாதுதான். ஆனால் 'வலியில்லாமல் அகற்றுவது' என்கிற யோசனைக்கு முதலில் பழகிக்கொள்ள ஒரு பயிற்சிக்களம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

3

மிருகவதைத் தடுப்பு என்பது யாரைத் தடுத்தது? இங்கிலாந்தில் 1822ல் கால்நடைகளுக்கான சட்டம், 1824ல் மிருகவதைத் தடுப்புச் சங்கம், 1835ல் காளைமேல் நாயை ஏவுவதற்கும் நாய்ச்சண்டை சேவல்சண்டைக்கும் தடை. எல்லாம் கூலிக்காரர்களும் வண்டிக்காரர்களும் கூடும் இடங்கள். பிரபுக்கள் வேட்டைநாய்களோடு நரியை விரட்டிக் கிழிக்கும் பொழுதுபோக்குக்கு இங்கிலாந்தில் சட்டப்படி முடிவு வந்தது 2004ல். இடையில் 169 வருஷம். ஏழையின் கொடூரம் சட்டத்துக்கு உடனே தெரிந்தது; பணக்காரனின் கொடூரம் 'பாரம்பரியம்' ஆனது.

இதை வைத்துக்கொண்டு, பிராணிகள் மேல் அக்கறை என்பதே மேல்தட்டு விவகாரம் என்று முடிவு கட்டிவிடலாமா? நம்ம தோழர்கள் பலபேர் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். அதே பேட்டர்சீயின் இன்னொரு கதை இந்த முடிவைக் குலைத்துப்போடுகிறது. 1906ல் அங்கே தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே ஒரு பழுப்பு நாய்க்குச் சிலை வைத்தார்கள். மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் முன்னால் அறுக்கப்பட்டுச் செத்த நாய் அது. 1907ல் மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்கக் கிளம்பி வந்து கலவரம் செய்தார்கள். சிலையைக் காத்து நின்றவர்கள் தொழிற்சங்கக்காரர்களும் வாக்குரிமை கேட்ட பெண்களும். 1910ல் சிலை ராவோடு ராவாக அகற்றப்பட்டது. அந்தத் தொழிலாளிகளும் பெண்களும் அந்த நாயில் தங்களையே கண்டார்கள் என்று கோரல் லான்ஸ்பரி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஏழை நோயாளியின் உடம்பும் பெண்ணின் உடம்பும் அதே மேசையில் கிடந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. பிடித்து அடைக்கப்பட்ட நாய்களை ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1906ஆம் வருஷச் சட்டம் சொன்னது. இதே பேட்டர்சீதான் 1922ல் சாபுர்ஜி சக்லத்வாலா என்கிற பம்பாய் பார்சிக் கம்யூனிஸ்டைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

4

பம்பாய் என்றதும் 1832 நினைவுக்கு வரவேண்டும். வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லக் கம்பெனி அரசு கொலைக்கு இத்தனை என்று கூலி வைத்தது. கூலிக்கு ஆசைப்பட்டு வீட்டு நாயையும் இழுத்துப் போனார்கள் என்று புகார். ஜூன் மாதம் பார்சிகள் கிளர்ந்தார்கள், கடைகள் அடைத்தன, வெள்ளைப் பட்டாளம் வந்தது. 1834ல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர்கள் பிஞ்ஜராபோல் என்னும் பிராணிக் காப்பகத்தைப் பம்பாயில் நிறுவினார்கள். பார்சிகளுக்கு நாய் சடங்கில் இடம்பெறும் பிராணி. சமணர்களுக்கு எந்த உயிரையும் கொல்லக்கூடாது. கம்பெனியின் பார்வையில் எஜமான் இல்லாத நாய் குப்பை. இவர்கள் பார்வையில் எஜமான் இல்லாமலும் நாய்க்கு ஊரில் ஒரு இடம் உண்டு.

இதற்காக மரபைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். பிஞ்ஜராபோல் கட்டியது வணிக மூலதனம். பைரவர் என்று நாயைக் கும்பிடும் அதே சமூகம்தான் 'நாயே' என்று மனுஷனைத் திட்டுகிறது, தெருவுக்குள் எந்தச் சாதி நடக்கலாம் என்று கணக்கு வைத்திருந்தது. நாய் போகலாம், மனுஷன் போகக்கூடாது என்ற தெருக்கள் இங்கே இருந்தன. ஜீவகாருண்யம் பேசுகிறவரிடம் ஒரு தலித் வாசகர் முதலில் கேட்கிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கு.

5

சென்னைக்கு வருவோம். 1959ல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் தங்கள் வீட்டை வைத்தே தொடங்கிய மீட்பு வேலை 1964ல் புளூ கிராஸ் என்ற பெயரில் பதிவானது. கார்ப்பரேஷன் நாய் வண்டியும் சுருக்குக் கம்பியும் ஊரெல்லாம் சுற்றிய காலம். எத்தனை வருஷம் கொன்றாலும் தெருவில் நாய் குறையலியே, அப்போ கொலை எதைத்தான் சாதிக்குது என்று அவர்கள் கேட்டார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டுவிடுங்கள் என்றார்கள். கார்ப்பரேஷன் இதைக் காதில் வாங்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1996ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2001ல் நாடு முழுக்க விதியானது. 2023 விதிகள் ஒருபடி மேலே போய், தெருநாயைச் சமூகத்துக்குரிய பிராணி என்ற பொருளில் பெயரிட்டன. ஹாலோவேயில் சாத்தியமே இல்லாமல் போன ஒரு வகை, எஜமான் இல்லாத ஆனால் தொலையாத நாய், சட்டத்தின் மொழிக்குள் வந்தது.

ஆனால் கடி யாருக்கு? உலகின் வெறிநோய்ச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. செத்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள், அதிலும் குழந்தைகள் நிறைய. காரில் போகிறவரை நாய் கடிக்காது. நடைபாதையில் தூங்குகிறவரையும், விடிகாலையில் குப்பை அள்ளுகிறவரையும், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையையும்தான் கடிக்கும். நாயைப் பிடித்ததும் கொன்றதும் கூட துப்புரவு வேலையின் கடைசிப் படியில் இருந்தவர்களின் கைகள்தான். கொல்லச் சொன்னவர் கையில் ரத்தம் இல்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம் மத்தியில் இருக்கு. 2004ல்தான் அந்த மருந்து கைவிடப்பட்டது. தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பதும், பத்தில் ஏழு நாய்க்காவது ஊசி போடுவதும் அரசின் வேலை. அதைச் செய்யாத அரசு, நாய்க்காரர்களும் நாயால் கடிபட்டவர்களும் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

6

அரசு கைகழுவிய இடத்தில்தான் சின்ன மீட்பு இல்லங்கள் முளைக்கின்றன. பெரும்பாலும் ஒரு பெண், அவருடைய வீட்டு மொட்டைமாடி, கடனில் ஓடும் வைத்தியச் செலவு. இதற்கும் ஒரு வரலாறு இருக்கு. பென்சில்வேனியாவில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் அமையப் பாடுபட்ட கேரலைன் எர்ல் ஒயிட்டுக்கு அதன் நிர்வாகக் குழுவில் இடமில்லை, பெண் என்பதால். 1869ல் பெண்கள் கிளை ஒன்றைத் தனியாகத் தொடங்கி, அடுத்து ஃபிலடெல்ஃபியா நகரின் நாய்ப் பட்டியையே ஏற்று நடத்தினார். முடிவு ஆண்களுடையது, பராமரிப்பு பெண்களுடையது என்ற வேலைப்பிரிவினை அங்கே தொடங்கி இங்கே வரைக்கும் தொடருது.

சின்ன இல்லத்தின் கணக்கு ரொம்ப எளிது. இருபது நாய்க்கு இடம் என்றால், இருபத்தொன்றாவது நாய் வருவதற்கு ஒன்று வெளியே போயாகணும். கொல்ல மாட்டோம் என்றால் வீடு தேடியாகணும். அதனால் 'யாருக்குக் கொடுப்பது' என்பது வாசலில் நிற்கும் அரசியல் கேள்வி. சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? காம்பவுண்டுச் சுவர் உண்டா? நாய் மறுபடி தெருவுக்கு வந்துடக் கூடாதே என்ற பயத்தில் கேட்கப்படுபவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று பதில் சொல்லக்கூடியவர் எந்த வர்க்கம், பெரும்பாலும் எந்தச் சாதி? குடிசை வாசலில் தான் சாப்பிடும் கஞ்சியில் பாதியை ஊற்றிப் பத்து வருஷம் நாய் வளர்த்தவர் இந்தக் கேள்வித்தாளில் தோற்றுப்போவார். அந்தப் பக்கம் பணம் கொடுத்து வாங்கிய சாதிநாயை, முடி கொட்டுது என்று ராத்திரியில் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போகிறவர் எல்லாத் தகுதியும் உள்ளவர்.

வளர்க்கும் தகுதியை அடையாளத்தோடு முடிச்சுப் போடுவது எதுவரை போகும் என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கு. பிராணிகளைக் காக்க நாஜி ஜெர்மனி 1933ல் விரிவான சட்டம் கொண்டுவந்தது. 1942 மே மாதம், யூதர்கள் வளர்ப்புப் பிராணி வைத்திருக்கக் கூடாது, வேறு ஆளிடம் ஒப்படைக்கவும் கூடாது என்று உத்தரவு வந்தது. டிரெஸ்டனில் யூதர் என்று முத்திரை குத்தப்பட்டு வாழ்ந்த மொழியறிஞர் விக்டர் கிளெம்பரரும் அவர் மனைவியும் தங்கள் பூனையை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்ததை அவர் நாட்குறிப்பில் படிக்கலாம். பிராணிக்குப் பாதுகாப்பு, மனுஷனுக்கு முகாம். பிராணி நலம் தன்னளவில் யாரையும் நல்லவராக்கிவிடாது.

7

2025 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, டெல்லியின் தெருநாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவு. துருக்கியில் இருபது வருஷம் இருந்த விட்டுவிடும் முறை 2024ல் அடைக்கும் முறையாக மாறியது. அங்கே 1910ல் இஸ்தான்புல் நாய்களைப் பல்லாயிரக்கணக்கில் ஆளில்லாத தீவுக்கு ஏற்றிப் போய்ப் பட்டினியில் சாகவிட்ட நினைவு இன்னும் ஆறவில்லை.

காப்பகம் என்ற சொல் கேட்க இதமாக இருக்கு. ஆனால் இடம் போதாத, ஆள் போதாத, பணம் போதாத காப்பகம் என்னவாகும் என்பதை 1884 சொல்லிவிட்டது. அறை ஒன்று கட்டப்படும், அதற்கு ஒரு நல்ல பெயர் வைக்கப்படும். நகரத்தை 'அழகுபடுத்த' முதலில் நாயை அள்ளும் வண்டி, அடுத்த நடையில் நடைபாதைக் கடைக்காரரையும் அங்கே படுத்திருப்பவரையும் அள்ளப் புறப்படும். கடிபட்ட குழந்தைக்காக ஊசி கேட்கிறவர்களும் தெருநாய்க்காக ஊசி கேட்கிறவர்களும் கேட்பது ஒரே ஊசியை, ஒரே அரசிடம். இவர்களை எதிரெதிரே நிறுத்தியிருப்பது யாருக்கு லாபம் என்று பேசத் தொடங்குவோம்.