உறைதல்: ஒரு சொல்லும் அதன் பின்னுள்ள உழைப்பும்

சொற்கள் புலவரின் ஏட்டில் மட்டும் பிறப்பனவல்ல. மக்கள் உழைக்கும் களத்திலும் பிறக்கின்றன. நீர்மப் பொருள் இறுகுவதைக் குறிக்கும் ‘உறைதல்’ என்னும் சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

தடிப்பதெல்லாம் உறைவதாகாது. கருப்பநீரைக் காய்ச்சினால் நீர் வற்றிப் பாகாகின்றது. அதனை உறைந்தது என எவரும் கூறார். காய்ச்சி ஆறிய பாலிலே சிறிது மோரை இட்டாலோ, நீர் வற்றாமலே பால் முழுவதும் தயிராகி விடுகின்றது. இதுவே உறைதல், இட்ட மோர் ‘உறை’. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் தயிரைக் குறிக்குமிடத்து இச்சொல் வருகின்றது. அத்தயிரைக் கடைந்து மோர் விற்கும் ஆய்மகள், நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையையும் பசுவையுமே பெறுகின்றாள். பண்டமாற்றில் வாழ்ந்த உழைப்பாளியின் சொல் இது.

‘உறைதல்’ என்பதற்குத் தங்கி வாழ்தல் என்ற பொருளும் உண்டு. உறையுள், உறைவிடம் என்பன அதன் வழி வந்தவை. ஓடித் திரிவது ஓரிடத்தே நிலைகொள்ளுதல் என்னும் கருத்தே இரு பொருளுக்கும் பொதுவென நாம் கொள்கின்றோம்.

இவ்விரு பொருளும் நம் நாட்டு இறப்பர்த் தோட்டங்களிலே ஒன்றையொன்று எதிர்கொண்டன. அமேசன் காட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் பரவிற்று. சிங்களத் தொழிலாளரோடு, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் விடியலில் மரம் வெட்டிப் பால் சேர்த்தனர். அமிலம் இட்டு அதனை உறையவைத்துத் தகடாக்கினர். 1952ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கை சீனாவிடம் அரிசி பெற்றது இந்த இறப்பரைக் கொடுத்தே.

ஆயினும், பாலை உறையவைத்த அத்தமிழருட் பெரும்பாலோர்க்கு இந்நாட்டில் உறையும் உரிமை உறுதியாகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கு குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. ஒரு சட்டத்தின் தீங்கை நீக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

தொழிற்சாலைகள் மலிந்த இரத்மலானையில் தமிழ் கற்பிக்கும் நாம், இச்சொல்லை வெறும் வினைச்சொல்லாகக் காட்டி அமையலாகாது. ஆய்மகளின் கலத்தையும் இறப்பர்த் தொழிலாளியின் வாளியையும் சேர்த்தே காட்டுதல் வேண்டும். உழைத்தவரை மறந்த சொல்லாராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.