வாசற்படி விசாரணையும் வாடகைச் சட்டமும்

சென்னையில் வீட்டுக்காரர்கள் குடிவர விரும்புவோரைத் துருவித் துருவி விசாரிப்பதற்கு 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே மூலகாரணம் என்றும், 10ஆம் பிரிவு முதலியன வகுத்த காரணங்களின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது என்ற அச்சமே உரிமையாளர்களை வாசலிலேயே கடுமை காட்டச் செய்தது என்றும் ஆய்வாளரில் ஒரு சாரார் நெடுங்காலமாக வாதித்து வந்திருக்கின்றனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவை நிதானமாக வாசிப்பவர்க்கு முழுவதையும் ஒப்புவது அரிதாகும்.

வீடு காலியானதும் உரிமையாளர் அதனை எழுத்து மூலம் உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அரசாங்கத்துக்கோ அதன் உத்தியோகஸ்தர் ஒருவருக்கோ அவ்வீடு தேவை என்று அதிகாரி குறித்த காலத்துக்குள் தெரிவிக்காவிடில்தான் தாம் விரும்பியவருக்கு அதை வாடகைக்கு விடலாம் என்றும் அப்பிரிவு விதித்தது. யுத்தகால வீட்டுப் பஞ்சத்தின் எச்சமாகவும், உத்தியோகஸ்தர் வசதிக்கான நிர்வாக ஏற்பாடாகவும் மட்டுமே இதனைக் கருதுவது வழக்கம். சமத்துவத்தை உத்தேசித்து இப்பிரிவு இயற்றப்பட்டது என்று சொல்ல யானும் துணியேன். ஆனால் அதன் பலனை நோக்குக: அதிகாரியின் உத்தரவுடன் வந்த குடித்தனக்காரரைக் குலமும் உணவும் கேட்டுத் திருப்பியனுப்பும் அதிகாரம் உரிமையாளருக்கு இல்லாது போயிற்று. ஆளைத் தெரிந்தெடுக்கும் செயல் சட்டத்தின் கைக்கு எட்டாத அந்தரங்கம் அன்று என்பதை அன்றைய சட்டமன்றம் ஏற்றிருந்தது என்பதே இதன் தாத்பரியம். தெரிவைக் கடுமையாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்படும் சட்டமே தெரிவுக்குக் கடிவாளமும் இட்டது என்ற உண்மைக்கு எதிர்த்தரப்பார் சமாதானம் கூறக் காணோம்.

இனி, வாசலில் கேட்கப்படும் கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, மாற்றலாகும் உத்தியோகமா என்பன ஒரு வகை. வங்கி ஊழியரும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரும் விரும்பி ஏற்கப்பட்டதற்கு, வெளியேற்ற இயலாத அச்சம் தக்க விளக்கமே. மற்றொரு வகை "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "ஊரில் எந்தத் தெரு?" என்று நெருங்கி, "வீட்டில் கவிச்சி உண்டா?" என்று முடிவது. வீடு தேடுவோர் இதனை முன்கூட்டியே அறிந்து, தரகரிடம் எதைச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டு, அலுவலக அடையாள அட்டையுடனும், கூடுமாயின் பெற்றோருடனும் வருகின்றனர். எனினும் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் "வீடு நேற்றே முடிந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவோர் பலர். மீன் சமைப்பவர் வாடகையைப் பாக்கி வைப்பார் என்பதற்கோ காலி செய்ய மறுப்பார் என்பதற்கோ யாதொரு நியாயமும் இல்லை. அன்றியும், 2019 பிப்ரவரி 22 முதல் பழைய சட்டம் நீங்கி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் காலவரையறையையும் ஆதாரமாகக் கொண்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் கவிச்சிக் கேள்வி மறையவில்லை. காரணம் நீங்கியும் காரியம் நிற்குமாயின், அக்காரணம் காரணமே அன்று.

ஒரே கூரையின்கீழ் வாழும் உரிமையாளருக்குத் தம் ஆசாரத்தைக் காக்கும் சுதந்திரம் வேண்டாமா என்பர். உரிமையாளர் அயல்நாட்டில் வசிக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் இதே நிபந்தனை விதிக்கப்படுவதால் இவ்வாட்சேபம் நெடிய மறுப்புக்கு உரியதன்று. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரால் வசிப்பிடம் மறுப்பதைக் குற்றமாக்கியிருந்தும், உணவைப் பற்றிய கேள்வி அதன் பிடியிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறது.

இத்துணைத் தெளிவான விஷயம் இதுகாறும் மறைந்திருந்ததற்கு ஆதாரங்களின் இயல்பே காரணம் என்று கருதுகிறேன். வாடகை நீதிமன்றக் கட்டுகளில் காணப்படுவோர் அனைவரும் வீடு கிடைக்கப் பெற்றவர்களே. வாசலிலேயே மறுக்கப்பட்டவர் வழக்காடவும் இல்லை, அவரைப் பற்றிய பதிவும் இல்லை. வெளியேற்ற வழக்குகளை மட்டும் படித்தவருக்கு வெளியேற்றமே சகலத்துக்கும் காரணமாகத் தோன்றியதில் வியப்பில்லை. புதிய சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யக் கட்டளையிடுகிறது. ஒப்பந்தத்துக்கு முந்திய மறுப்பைப் பற்றியோ அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. 3ஆம் பிரிவு அரசாங்கத்தின் தேவைக்காக ஏற்ற அதிகாரத்தைக் குடிமக்களின் கண்ணியத்தின் பொருட்டு ஏற்பது சட்டமன்றத்தின் கடமை. மறுக்கப்பட்டோரின் வாய்மொழியைத் திரட்டி வைப்பது நம் போன்ற ஆய்வாளரின் கடமை.