மிலானோ தளபாடக் கண்காட்சி: இடிபாடுகளுக்குப் பின்னர் வளர்ந்த ஒரு கைத்தொழில்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஆறு நாட்கள் இத்தாலியின் மிலானோ நகரில் நடைபெறும் தளபாடக் கண்காட்சிக்கு ‘சலோனே டெல் மொபிலே’ என்று பெயர். தளபாடத் துறையில் உலகின் முதன்மையான சந்தை இதுவே. 2024ஆம் ஆண்டு 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்து சென்றனர். சுவிஸிலிருந்து மலையைக் குடைந்து செல்லும் புகையிரதத்தில் சில மணி நேரப் பயணம்தான் என்பதால், தச்சு வேலையில் ஆர்வம் கொண்ட நானும் அந்த ஆண்டு போயிருந்தேன். பணக்காரர்களின் மாளிகைகளுக்கான ஆடம்பரப் பொருட்கள்தானே என்று இதைக் கடந்து போவது இலகு. ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைத் தேடிப் போனால், குண்டுவீச்சில் வீடிழந்த மக்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலிய மொழியில் தளபாடம் என்பது ‘மொபிலே’. நகர்த்தக்கூடியது என்று பொருள். வீடும் காணியும் ‘இம்மொபிலே’. எங்கள் உறுதிகளில் எழுதப்படும் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்ற அதே பிரிவு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய அந்த இரவில் சைக்கிள் கரியரில் எதை ஏற்ற முடிந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் விசித்திரமாகவே தோன்றும். எங்கள் வீட்டில் அம்மாவின் சீதன அலுமாரியும் அப்பாவின் சாய்மனைக் கதிரையும் அசையாச் சொத்தாகவே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அவை மட்டுமல்ல, கதவு நிலைகளும் இருக்கவில்லை.

அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு என்று நாம் நாளாந்தம் சொல்லும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் இலத்தீன். ஆகவே கண்காட்சி மண்டபத்தில் ‘அர்மாதியோ’ என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து, இது அலுமாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ‘பங்கோ’ என்றால் வாங்கு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல் இருந்தது.

இனி வரலாறு. 1943 ஓகஸ்டில் நேச நாடுகளின் விமானங்கள் மிலானோ மீது கடுமையாகக் குண்டு வீசின. லியனார்டோ டாவின்சியின் ‘இறுதி இராப்போசனம்’ வரையப்பட்டிருந்த மடத்தின் உணவுக்கூடம் இடிந்தது; மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்த அந்தச் சுவர் தப்பியது. போர் முடிந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடில்லை. வீடு கிடைத்தவர்களுக்கு அதற்குள் வைக்க எதுவும் இல்லை. 1946இலேயே சாதாரண மக்களுக்கான மலிவான, சிறிய அறைகளுக்குப் பொருந்தும் தளபாடங்களைக் காட்டும் கண்காட்சி ஒன்று அங்கு நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, ‘திரியென்னாலே’ எனப்படும் கலைக் கண்காட்சியின் எட்டாவது பதிப்பை, கட்டடக் கலைஞர் பியெரோ பொட்டோனியின் தலைமையில், வீடற்றோரின் வீட்டுப் பிரச்சினைக்கே ஒதுக்கினார்கள். அதன் ஒரு பகுதியாக ‘கியூ.டி.8’ என்ற குடியிருப்புப் பகுதியும் எழுந்தது.

கண்காட்சி மைதானத்துக்குப் போகும் முதலாம் இலக்க மெட்ரோ ரயில் இந்தக் குடியிருப்பின் கீழாகவே செல்கிறது. நான் திரும்பும் வழியில் அங்கே இறங்கினேன். பக்கத்தில் மொன்தே ஸ்தெல்லா என்ற பசுமையான குன்று. மாலை நேரத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். அது இயற்கைக் குன்று அல்ல. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் கொண்டுவந்து கொட்டிப் பொட்டோனி உருவாக்கியது. தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். கண்காட்சிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இங்கே இறங்குகிறார்கள் என்று தெரியவில்லை. இறங்க வேண்டும் என்பது என் கருத்து.

தளபாடங்களைச் செய்தவர்கள் நகரத்தில் இல்லை. மிலானோவுக்கு வடக்கே, கோமோ ஏரிப் பக்கம் போகும் வழியில் பிரியன்சா என்ற பிரதேசம் இருக்கிறது. கன்டூ, மேடா, லிஸ்ஸோனே ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தச்சுப்பட்டறைகள். பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகள்தான். அவற்றின் பலம் வேலைப் பிரிவினை. ஒருவர் கால்களைக் கடைசல் பிடிப்பார்; இன்னொருவர் மெல்லிய மரத்தகடு ஒட்டுவார்; மற்றொருவர் மெத்தை தைப்பார்; பொலிஷ் வேலைக்கு வேறொருவர். ஒரு அலுமாரி முடிவதற்குள் நாலைந்து வீடுகளுக்குப் போய் வரும். போருக்குப் பின்னர் மிலானோவின் கட்டடக் கலைஞர்கள் வரைபடங்களோடு இந்த ஊர்களுக்குப் போனார்கள். அந்தச் சேர்க்கையில் பிறந்ததைத்தான் இன்று ‘இத்தாலிய வடிவமைப்பு’ என்கிறோம். 1961 செப்டெம்பரில், ஏற்றுமதியை வளர்க்கும் நோக்கோடு உற்பத்தியாளர்கள் கூடி முதலாவது சலோனேயை நடத்தினர். 328 நிறுவனங்கள் கலந்துகொண்டன. பார்வையாளர்கள் 12 ஆயிரம் பேர் அளவில்.

இன்று அது நடைபெறுவது நகரின் வடமேற்கே உள்ள ரோ என்ற இடத்தில். உண்மையைச் சொன்னால், மண்டபங்களில் பெரும்பகுதி எனக்கு அலுப்பூட்டியது. பளபளக்கும் சமையலறைகள், படகு அளவு சோபாக்கள். கால் வலிக்க நடந்த பின்னர் என்னை நிறுத்தியவை இரண்டு மூன்றுதான்.

ஒன்று ‘சூப்பர்லெஜ்ஜேரா’ கதிரை. 1957இல் ஜியோ பொன்தி வடிவமைத்து, மேடா ஊரின் கஸ்ஸினா நிறுவனம் செய்தது. எடை வெறும் 1.7 கிலோ. அக்கால விளம்பரத்தில் ஒரு சிறுவன் அதை ஒற்றை விரலால் தூக்கியிருப்பான். கால்கள் உருண்டையும் அல்ல, சதுரமும் அல்ல. முக்கோண வெட்டு, 18 மில்லிமீற்றர் தடிப்பு. பொருத்துகள் சரியாக இருந்தால் மட்டுமே இந்த மெலிவு நிற்கும். பொன்தி இதைப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. கியாவரி என்ற கடலோர ஊரில் 1807 முதல் தச்சர்கள் செய்துவந்த நாட்டுக் கதிரையை எடுத்து, தேவையற்ற மரத்தைச் சீவிக்கொண்டே போனார். எட்டு வருடங்களுக்கு மேல் சீவினார். இருக்கை பிரம்புப் பின்னல். பிரம்பு இத்தாலியில் வளர்வதல்ல, எங்கள் பக்கத்துக் காடுகளின் கொடி. 17ஆம் நூற்றாண்டில் கீழைத்தேய வணிகக் கப்பல்களோடுதான் இந்தப் பின்னல் ஐரோப்பாவுக்குப் போனது. அப்பாவின் சாய்மனைக் கதிரையில் இருந்த அதே கண்ணறைப் பின்னலை இன்னொரு கூடத்தில் ஒரு முதியவர் இருந்து பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் கதிரையின் விலை ஆயிரம் யூரோவுக்கு மேல்.

இரண்டாவது, கன்டூவைச் சேர்ந்த ‘ரீவா 1920’ நிறுவனத்தின் மரவேலை. வெனிஸ் நகரின் கடல்நீரேரியில் படகுகளுக்கு வழிகாட்ட ஊன்றப்படும் ஓக் மரத் தூண்களைக் கடல்புழு துளைத்துவிடும். பழுதான தூண்களை மாற்றுவார்கள். கழித்த அந்த மரத்தை வாங்கி, புழுத் துளைகளை மறைக்காமல் மேசை செய்கிறார்கள். துளைதான் அழகு. பாலை, முதிரை நிலைகளையும் பழைய வீட்டு வளைகளையும் விறகுக்கு வெட்டிப் போட்ட காலம் ஒன்று எங்கள் ஊரில் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

உள்ளலங்காரம் என்றால் திரைச்சீலையும் சுவர் நிறமும்தான் என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. காஸ்திலியோனி சகோதரர்கள் 1962இல் செய்த ‘ஆர்கோ’ விளக்கு வேறு விதமாகப் பேசுகிறது. கூரையைத் துளைக்காமல் மேசைக்கு மேலே வெளிச்சம் வேண்டும். அதற்காக வில்போல் வளைந்த உருக்குத் தண்டு, மறுமுனையில் பாரத்துக்கு ஒரு சலவைக்கல். அந்தக் கல்லில் ஒரு துளை. அழகுக்கென்று பலர் நினைப்பார்கள். தும்புத்தடியின் பிடியை அதில் நுழைத்து இரண்டு பேர் விளக்கைத் தூக்கி மாற்றி வைக்கலாம், அதற்காகத்தான்.

எங்கள் தச்சர்களுக்குக் கைத்திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மரம் அரிவது முதல் பொலிஷ் வரை ஒருவரே செய்கிறார், அளவுகள் அவருடைய தலைக்குள்ளேயே இருக்கின்றன. கடதாசியில் வரைந்து வைப்பது குறைவு. போரில் ஒரு தச்சர் இறந்தபோதோ புலம்பெயர்ந்தபோதோ, அவருடைய கதிரையின் சாய்வு என்ன பாகை என்பதும் அவரோடு போய்விட்டது. மீளக் குடியேறிய வீடுகளுக்கு முதலில் வந்தது பிளாஸ்டிக் கதிரை. பிறகு, தவணைப் பணத்துக்கு வந்த தூள்பலகை அலுமாரி. மாரியில் ஈரம் பட்டால் அது ஊதிவிடும். பிரியன்சாவில் இருப்பதும் நம்மிடம் இருப்பதும் ஒரே உளியும் சீவுளியும்தான். வரைபடமும் பகிர்ந்து செய்யும் வழக்கமுமே அங்கே கூடுதலாக இருப்பவை.

போக விரும்புவோருக்குச் சில தகவல்கள். கண்காட்சி பெரும்பாலும் வியாபாரிகளுக்கானது. பொதுமக்களுக்கு வார இறுதி நாட்கள். அந்த வாரம் முழுவதும் பிரேரா, தொர்தோனா பகுதிகளில் நகருக்குள் நடக்கும் ‘ஃபுவோரிசலோனே’ காட்சிகளில் பல இலவசம். விளக்குகளுக்கான பிரிவு ஒற்றை வருடங்களிலும் சமையலறைப் பிரிவு இரட்டை வருடங்களிலும் வரும். 35 வயதுக்கு உட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கு 1998இல் தொடங்கப்பட்ட ‘சலோனே சற்றலைற்’ பிரிவைத் தவறவிட வேண்டாம். பணம் குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருக்கும் பகுதி அதுதான்.

போக முடியாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. மிலானோவில் வாழ்ந்து 2020இல் காலமான என்ஸோ மாரி, 1974இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் மட்டும் கொண்டு எவரும் செய்யக்கூடிய 19 தளபாடங்கள்: மேசை, கதிரை, வாங்கு, கட்டில், அலுமாரி. தபால் செலவை அனுப்பியவர்களுக்கு வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தார். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர யாரும் செய்துகொள்ளலாம் என்பது நிபந்தனை. பின்னாளில் அந்த நிபந்தனையை ஒரு தரப்புக்காகத் தளர்த்தினார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து லம்பெதூசா தீவு வழியாக பெர்லினுக்கு வந்து சேர்ந்த இளம் அகதிகள், ‘குக்குலா’ என்ற பட்டறையில் அவருடைய கதிரைகளைச் செய்து விற்க அனுமதி பெற்றார்கள். அந்தக் கதிரைகள் சிலவற்றில் ஒன்றிரண்டு பலகைகள் மட்டும் வேறு நிறமாக, பெயின்ற் உரிந்து இருக்கும். அவை லம்பெதூசாக் கரையில் ஒதுங்கிய அகதிப் படகுகளின் பலகைகள்.