அபின் வகைப் போதையிலிருந்து விடுபடுதல்: சிங்கப்பூர் மருத்துவ முறைகள்

ஹெராயின், மார்ஃபின், அபின் ஆகியவற்றுக்கு அடிமையானவர் அவற்றை நிறுத்தும்போது படும் உடல் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை இது. ஹெராயின் நின்ற 8 முதல் 24 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகலுடன் வேதனை தொடங்கும். மயிர் கூச்செறியும், கை கால் குடையும், வயிறு பிடுங்கும், தூக்கம் அறவே போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பெரும்பாலும் பத்து நாளுக்குள் அடங்கும். இதில் உயிராபத்து அரிது என்றாலும், வாந்தி, பேதியால் வரும் நீரிழப்பைக் கவனிக்காமல் விட்டால் மரணமும் நேரலாம்.

சிங்கப்பூரில் 'சாண்டு' எனும் அபின் புகைப்பது 1946இல் தடைசெய்யப்பட்டது. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்கான சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. எழுபதுகளில் ஹெராயின் பரவியது. 1977இல் பெரும் தேடுதல் வேட்டை நடந்தது. பிடிபட்டவர்களில் உடல்நலம் உள்ளோர் மறுவாழ்வு நிலையங்களில் மருந்துத் துணையின்றியே வேதனை நாள்களைக் கடக்க வேண்டியிருந்தது.

2000களின் தொடக்கத்தில் சுபுடெக்ஸ் மாத்திரை வந்தது. இதிலுள்ள புப்ரெனார்பின், ஹெராயின் பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றி, அவற்றை அரைகுறையாகவே தூண்டும்; அதனால் வேதனை தணியும், போதை மட்டுப்படும். முந்தைய ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் வேதனையைத் திடீரெனக் கிளப்பிவிடும் என்பதால், அறிகுறிகள் நன்றாகத் தெரிந்தபின்பே கொடுக்க வேண்டும். நாக்கின் அடியில் வைக்க வேண்டிய மாத்திரையைப் பலர் கரைத்து, தூக்கமருந்தான டார்மிகமுடன் கலந்து ஊசியில் ஏற்றினர். ரத்தக்குழாய்கள் அடைபட்டன, கிருமித்தொற்று பரவியது. 2006 ஆகஸ்ட் 14 அன்று புப்ரெனார்பின் 'ஏ' வகைப் போதைப்பொருளானது. மருந்தின் குணம் கெட்டதல்ல. கண்காணிப்பின்றி மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பியதே கேட்டுக்கு வழிவிட்டது.

அபின் சாராத மருந்துகளும் உண்டு. அபின் வகைப் பொருள் அடக்கி வைத்திருந்த நோர்-அட்ரினலின், அது நின்றதும் மூளைத்தண்டில் கட்டவிழ்ந்து பாய்கிறது. குளோனிடின் அதை அடக்கும் என 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டினர். அது ரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவதால் ஒவ்வொரு வேளையும் அளந்து பார்த்தே தர வேண்டும். பேதிக்கும் வலிக்கும் தனி மருந்துகள். நாடித்துடிப்பு, கண்மணியின் அகலம், நீட்டிய கையின் நடுக்கம் உள்ளிட்ட 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு வேதனையின் கடுமையைக் கணிக்கும் அளவுகோல் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

இன்று புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தில் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறலாம். அடிமை எனச் சந்தேகிப்பவரைப் பற்றி மருத்துவர் 7 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சிலர் மருத்துவமனையை நாடத் தயங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். இந்து அறக்கட்டளை வாரியத்தின் 'ஆஷ்ரம்' மறுவாழ்வு இல்லத்தின் பணி சிகிச்சைக்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. சிகிச்சை முடிந்தவரின் உடல், போதையைத் தாங்கும் பழைய சக்தியை இழந்திருக்கும். முன்பு எடுத்த அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். இதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.