கோடைக்கானல் ஏரியின் மண்கரை

கோடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியைக் காணாமல் திரும்புவதில்லை. ஆயினும் அவ்வேரி இயற்கையாக அமைந்ததன்று. 1863ஆம் ஆண்டில், ஓடையின் குறுக்கே இடப்பட்ட மண்கரையால் உருவானது. அக்கரை அரசின் பணத்தால் எழுந்ததுமன்று. அந்நாளில் மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் தம் கைப்பொருளைக் கொண்டு எழுப்பியது.

பழனி மலையை 1821இல் லெப்டினன்ட் வார்டு என்பவர் அளந்தார். 1845இல், மதுரையின் வெம்மைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் இங்கு வீடுகள் கட்டினர். அவ்வீடுகளுக்கு அருகே தாழ்வான சதுப்பு நிலமொன்று கிடந்தது. அதன் நீர் வெளியேறும் வழியை லெவிஞ்ச் கரையிட்டு மறித்ததும், சதுப்பு ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள ஏரியாயிற்று. அவரே மீன்களை விடுவித்தார். தூத்துக்குடியிலிருந்து படகையும் வரவழைத்தார். ஓய்வுபெற்ற பின் கோடைக்கானலிலேயே வாழ்ந்து, 1885இல் மறைந்தார்.

மண்கரை கட்டுதல் தமிழருக்குப் புதிய கலையன்று. மதுரைச் சீமையின் கண்மாய்கள் யாவும் மண்கரையால் நிற்பனவே. மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்க வேண்டும். மிகுநீர் கரையின் மேல் வழியாமல் கலுங்கு வழியே வெளியேற வேண்டும். கசிவு தோன்றின் உடனே அடைக்க வேண்டும். கோடை ஏரியின் மிகுநீரும் இவ்வாறே வெளியேறி, மலைச்சாலையோரம் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி அருவியாக வீழ்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கண்மாய்க்கு ஆயக்கட்டு உண்டு. அதன் நீரால் விளைவோர், குடிமராமத்து என்னும் முறையால் வண்டலை அகற்றிக் கரையைக் காத்தனர். கோடை ஏரியோ வயலுக்காக வெட்டப்படவில்லை. படகுக்காகவும் கண்ணுக்கு இனிமைக்காகவும் அமைந்தது. எனவே அதற்கென உழவர் கூட்டம் வாய்க்கவில்லை. கட்டியவர் மறைந்தபின் தனியார் கரை பொதுச்சொத்தாயிற்று, பயன்கொள்வோரும் பெருகினர். சுற்றிலும் விடுதிகள் எழுந்தன, கழிவுநீரும் வண்டலும் ஏரியை வந்தடைந்தன, நீர்ப்பூண்டுகள் படர்ந்தன.

ஒருவர் கொடையால் ஏரி பிறக்கலாம்; ஒருவர் கொடையால் அது நிலைத்திருக்க இயலாது. சமவெளியின் உழவர் தம் கண்மாய்க்குச் செய்த கடமையை, இவ்வேரியால் வாழ்வோரும் மகிழ்வோரும் ஏற்றாலன்றி, லெவிஞ்ச் இட்ட கரை நீரைத் தாங்கி நிற்பினும், அவர் கண்ட ஏரி நமக்கு எஞ்சாது.